பல் தெரியாத மனிதர்

வின்னிபெக்கில் இன்று மைனஸ் முப்பத்தொன்று.
போர்ட்டேஜ் அவென்யூ பஸ்ஸின் ஜன்னலில்
என் மூச்சே எனக்குப் பனியாகிறது.
மடியில், நூலகம் ஐம்பது சதத்துக்குத் தள்ளிவிட்ட
முதுகொடிந்த புத்தகம்.
அதற்குள் மழை. யார்க்ஷயர் மழை.
மழைக்குள் இன்ஸ்பெக்டர் டாகெட்,
முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க,
பாதிரியார் நீட்டிய கேக்கைக் கடித்துவிட்டு
"காய்ந்திருக்கிறது" என்கிறார்.

எனக்கு அது போதும்.
எட்டு மணி நேரம் தாங்கும்.

நான் ஒரு பல் வைத்தியசாலையின் முன்மேசை.
அப்படித்தான் சொல்வார்கள்: "முன்மேசையிடம் கேளுங்கள்."
தொலைபேசியில்கூடப் புன்னகைக்க வேண்டும்,
குரலில் கேட்குமாம்.
நான் சிரிக்கிறேனா என்று நானே பார்த்துக்கொள்ள
மேலாளர் பிரெண்டா
ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கிறாள்.
"எப்படி இருக்கிறீர்கள்?"
"நலம். நீங்கள்?"
"நலம்."
ஒரு நாளைக்கு அறுபது தடவை.
அறுபது நலம் சேர்ந்தும்
ஒரு பதில் ஆவதில்லை.

டாகெட்டிடம் யாராவது கேட்டால்
"முழங்கால் வலி, மழை, இதில் நீங்கள் வேறு" என்பார்.

அவரைப் பலாப்பழம் என்று சொல்லிவிடாதீர்கள்.
பதினொரு நாவல்களாக உரித்துப் பார்த்துவிட்டேன்,
சுளை இல்லை.
உள்ளேயும் முள்தான்.
ஏழாவதில் ஒரு நாய்க்குட்டி வந்தது.
போச்சு, இளகப் போகிறார் என்று பயந்தேன்.
அதற்கும் ஒரு திட்டு.
நாய் வாலாட்டியது. நானும்.

அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்று
பள்ளிக்கூடத்தில் கொப்பி நிறைய எழுத வைத்தார்கள்.
டாகெட்டின் ஊரில் அது செல்லாது.
அங்கே விஷம் வைப்பவருக்குத்தான்
இருப்பதிலேயே நல்ல முகம்.
யாருக்கு எத்தனை கரண்டி சீனி என்று
மறக்காமல் தேநீர் ஊற்றுபவர்.
நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும்.
ஆனாலும் படிக்கிறேன்,
அந்தச் சிடுமூஞ்சி பார்ப்பதைப் பார்க்க.
கதவு திறந்த பெண்ணுக்கு அவர் வணக்கம் சொல்வதில்லை.
வணக்கம் சொல்லாமல் மிச்சம் பிடித்த அந்த ஒரு நொடியில்
அவள் விரலில் மோதிரம் கிடந்த வெளிறிய தடம்,
தொட்டியில் கழுவாத இரண்டாவது கோப்பை,
எல்லாம் கண்ணில் பட்டுவிடும்.

போன மார்ச்சில், தம்பியைப் பற்றிய செய்தி வந்த மறுநாள்,
ஒரு காலில் கறுப்பும் ஒரு காலில் பழுப்புமாகச்
சப்பாத்துப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.
அறுபது பேர். அறுபது நலம்.
"தலைமுடி இன்றைக்கு அழகு," என்றாள் பிரெண்டா.
இரவு பஸ்ஸில் புத்தகத்தைத் திறந்தேன்.
அவர் யாரையோ அதட்டிக்கொண்டிருந்தார்.
என் பக்கம் திரும்பியிருந்தால் கேட்டிருப்பார்:
"சப்பாத்து. யார் போனது?"

நேற்று இரண்டரை மணிக்குத் திரு. பெட்ரிஷின்.
கோட்டில் ஒரு துளை தப்பி
மேலே ஒரு பொத்தான் அநாதையாக நின்றது.
எப்போதும் மனைவிதான் பூட்டிவிடுவாள்,
இங்கேயே, என் மேசைக்கு முன்னால்,
அவர் முறைக்க முறைக்க.
"எப்படி இரு..." என்று தொடங்கிய வாய்
தானாக மூடிக்கொண்டது.
கண்ணாடியில் என் முகம்.
சகிக்கவில்லை. பிடித்திருந்தது.
"பொத்தான் தப்பியிருக்கிறது," என்றேன்.
"ஓல்கா எங்கே?"

பொத்தானைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
"உனக்கு இன்றைக்கு என்ன வந்தது?" என்று உறுமிவிட்டு
நாற்காலியை இழுத்து மேசையோடு போட்டு
இருபது நிமிடம் கடுகடுவென்று பேசினார்:
ஆஸ்பத்திரி சூப்பைப் பற்றி,
வாகனம் நிறுத்தப் பிடுங்கும் காசைப் பற்றி,
இடது கை அசையாத ஒருத்தி
வலது கையால் தன்னை
இன்னும் விரட்டுவதைப் பற்றி.
பிரெண்டா தூரத்திலிருந்து கண்ணாடியைச் சுட்டிக் காட்டினாள்.

போகும்போது அவர் பொத்தானைச் சரிசெய்யவில்லை.
நன்றியும் சொல்லவில்லை.
கடைவாய்ப்பல்லை வியாழன் ஒன்பதேகாலுக்கு
எழுதி வைத்தேன்.