அரைக்கால்

சேலத்திலிருந்து திரும்பும்போது
தொப்பூர் ஏற்றத்தில்
இரண்டாம் கியருக்கும் மூன்றுக்கும் நடுவே
வண்டி ஒரு நொடி யாருடையதாகவும் இல்லாமல் நின்றது.
பின்னால் கிரானைட் லாரி.
பிறகு ஒரு உதறல், ஒரு இழுப்பு,
எதுவும் நடக்காததுபோல் தருமபுரி வரை ஓடியது.

பாரதிபுரத்தில் முனிரத்தினம் பட்டறை.
டிப்ஸ்டிக்கை உருவி
வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு வைத்தார்.
சிவப்பாக இருக்கவேண்டியது.
அடிப்பிடித்த புளிக்குழம்பாக இருந்தது.
"மோந்து பாருங்க மேடம்."
தீய்ந்த வாசனை.

ஷோரூமில் சொல்லியிருந்தார்கள்:
கியர் ஆயில் ஆயுளுக்கும் மாற்றவேண்டாம்.
யாருடைய ஆயுள் என்று நான் கேட்கவில்லை.

இரண்டு வழி இருக்கு என்றார் முனிரத்தினம்.
மெஷின் போடலாம்:
ஒரு குழாயில் பழசு வெளியே, ஒரு குழாயில் புதுசு உள்ளே,
நாற்பது நிமிஷம்,
பன்னிரண்டு லிட்டர் செலவழித்து உள்ளே இருக்கும் ஏழையும் கழுவிவிடும்.
இல்லையென்றால் கீழே போல்ட்டைக் கழற்றலாம்.
வடிவது வடியட்டும்.
மூன்றரை வரும்.
மீதி மூன்றரை கன்வெர்ட்டருக்குள் ஒளிந்துகொள்ளும்.
வந்த அளவே ஊற்று, ஓட்டு, மறுபடி வா.

"மெஷின் போட்டு பூவாட்டம் ஓடுன வண்டியும் உண்டு.
மறுநாளே ரிவர்ஸ் விழாம நின்னதும் உண்டு.
தேய்ஞ்ச தூளே சில வண்டிய புடிச்சிக்கிட்டு இருக்கும் மேடம்.
இது எந்த வண்டின்னு
கழுவுனாத்தான் தெரியும்."
அவ்வளவு சொல்லிவிட்டு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டு.

எனக்கு அந்த இரண்டு குழாயைத் தெரியும்.
பன்னிரண்டு வருடமாக
பெரியாஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டில்
நான்தான் அவற்றைப் பொருத்துகிறேன்.

மாதம்மாள் முதல்முறை வந்தபோது
யூரியா இருநூற்றெழுபது.
ஒரே தடவையில எடுத்துடுங்களேன் என்றான் மகன்.
மாரண்டஹள்ளியிலிருந்து ரெண்டு பஸ் மாறி வந்தவன்,
கேட்கத்தான் செய்வான்.
எடுக்கலாம், மெஷினுக்கு முடியும்.
ரத்தம் சட்டென்று சுத்தமானால்
மூளை மட்டும் பழசிலேயே நின்று வீங்கும்.
தலைவலி, வாந்தி, சில சமயம் வலிப்பு.
முதல் நாள் இரண்டே மணி நேரம் வைத்தேன்,
பம்பை மெதுவாக.
அவ்வளவு அழுக்கோடும் உடம்பு
ஏதோ ஒரு விதமாக ஒத்துப்போயிருக்கிறது.

வண்டி மாதம்மாள் இல்லை. தெரியும்.
இரும்புக்கு வாந்தி வராது.
ஆனால் என் இடது காலில் ஒரு பிளேட், ஆறு ஸ்க்ரூ.
அது கிளட்ச் மிதிக்காது.
இந்த வண்டி நின்றால் விடிகாலை ஷிப்டுக்கு
மூன்று பேர் ஊசி ஏறாமல் காத்திருப்பார்கள்.

போல்ட்டே போதும் என்றேன்.

முதலில் கயிறாக விழுந்தது,
பிறகு நூலாக,
பிறகு எண்ணக்கூடிய சொட்டுகளாக.
போல்ட்டின் நுனியில் காந்தம்.
அதில் இரும்புத்தூள் மைபோலக் குழைந்து
மீசை வைத்திருந்தது.
விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்தார்.
"துண்டா எதுவும் இல்ல."
என் ரிப்போர்ட்டை டாக்டர் படித்தபோதுகூட
இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

தண்ணீர் பாட்டில்களில் அளந்தார். மூன்றரை.
அதே அளவு சிவப்பு உள்ளே போனது.

பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்கு எழுதினார்:
இன்னைக்குப் பழசு பாதி.
முந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு வந்தா கால்.
அதுக்கடுத்து அரைக்கால்.
கூலி மூணு தடவை ஆவும், பார்த்துக்குங்க.

"அரைக்காலுக்கு அப்புறம்?"
"மாகாணி."
"முழுசா எப்ப போவும்?"
சிரித்தார். "இந்தக் கணக்குல போவாது மேடம்."

எங்கள் வார்டிலும்
யாருக்கும் சுழியம் வந்து நான் பார்த்ததில்லை.
வந்ததை வைத்துக்கொண்டு
பஸ் ஏறிப் போகிறார்கள்,
வியாழக்கிழமை திரும்ப வருகிறார்கள்.

பென்னாகரம் ரோட்டில்
இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறியது.
உதறல் இருந்தது, சின்னதாக.
போன வாரத்து உதறலில் சரியாகப் பாதி
என்று சொல்லிக்கொள்ள ஆசை.
அதை அளக்கத்தான் பாட்டில் இல்லை.