கச்சான்.இலங்கை

மண்டபம் வடக்குத் துறையில்
ஐஸ் பிளாண்ட் கணக்கு எழுதுகிறவன் நான்.
கட்டிக்கு இவ்வளவு, உடைப்புக்கூலி தனி.
பேரேட்டில் ஏறுவதற்குள் பாதி உருகிவிடும் சரக்கு.
அதனால்தானோ என்னவோ
உருகாத ஒன்றில் பணம் போட ஆசை வந்தது.

பெயர்கள்.
புள்ளிக்கு இந்தப் பக்கம் ஒரு சொல்,
அந்தப் பக்கம் ஒரு நாடு.
வருஷத் தொகையைக் கட்டிவிட்டால்
வேறெவனும் அந்த வாசலில் போர்டு மாட்ட முடியாது.
தேவைப்படுகிறவன் என்னிடம்தான் வரவேண்டும்.

முதலில் சங்கு.இந்தியா.
பிறகு நண்டு, கணவாய், சீலா.
இறாலை எவனோ முந்திவிட்டான்;
இறாலு என்று நம்ம வாய்ப்பேச்சில் வாங்கிப் போட்டேன்.

பிரிஸ்கா கேட்டாள்: "பட்டா உண்டா?"
இல்லை.
"சர்வே நம்பர்? வேலி?"
புள்ளிதான் வேலி, என்றேன்.
"பெரும்புள்ளிதான்" என்று
மீன் சட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கச்சான் ஓங்கினால்
தெற்குக் கடலில் வள்ளம் இறங்காது. ஐஸ் போகாது.
அப்படிப் போகாத ஒரு மத்தியானம்
என் போன் அக்கரைச் சிக்னலைப் பிடித்து
'இலங்கைக்கு நல்வரவு' என்றது.
நாற்காலியை விட்டு நான் அசையவில்லை.
காற்றுதான் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும்.
கூரைத் தகரம் அடித்துக்கொண்டே இருந்தது.
அன்றைக்கே வாங்கினேன்
காற்றின் பேரை, அக்கரைப் புள்ளி வைத்து.

மன்னாரில் காற்றாலை சுற்றுகிறது.
கம்பெனிக்காரன் ஒருநாள் வருவான்.
ஐந்து லட்சம் சொல்லணும், மூன்றுக்கு இறங்கணும்.
கண்ணாடி முன்னால் நின்று
இறங்கிப் பார்த்துக்கொண்டேன்.

நாலு வருஷம்.
வந்ததெல்லாம் காலாவதிக் கடிதம்.
தடைக்காலத்தில் விசைப்படகுகூடக் கரையில் கிடக்கும்,
புதுப்பிப்புத் தொகைக்குத் தடைக்காலம் கிடையாது.
நண்டை விட்டேன். கணவாயை விட்டேன்.
இறாலு தானாகவே போய்ச் சேர்ந்தது.

தை பிறந்து ஒரு குரல்பதிவு.
சாவகச்சேரியிலிருந்து, நிரோஜினி என்று பேர்.
"அண்ணை, கச்சான் உங்களிட்டத்தான் இருக்காம்.
எங்களுக்கு வேணும். எவ்வளவு கேக்கிறியள்?"

எத்தனை காற்றாலை உங்களுக்கு, என்று கேட்டேன்.
சிரித்தாள்.
பின்னால் மணலும் சட்டியும் உரசுகிற சத்தம்.
"காற்றாலையோ? நாங்கள் கச்சான் வறுத்து விக்கிறம் அண்ணை.
உப்புப் போட்டது, போடாதது.
திருவிழாவுக்கும் குடுக்கிறம், பஸ் ஸ்டாண்டுக்கும் குடுக்கிறம்."

அக்கரையில் கச்சான் என்றால் நிலக்கடலை.
இடையில் கிடக்கிற இத்தனூண்டு தண்ணீர்
ஒரு பெருங்காற்றைப் பிடித்து
இரண்டு பருப்பாக ஓட்டுக்குள் அடைத்துவிட்டது.

ஐந்து லட்சம் தொண்டையிலேயே நின்றது.
இருபதாயிரம் என்றேன்.
"உறையில அச்சடிச்சாச்சு அண்ணை, புள்ளியோட"
என்று சொல்லிவிட்டாள், பாவம்.
வாங்க வந்தவர் வாயில் வரக்கூடாத சொல் அது.
பொய் சொல்வானேன்?
இருபதை முப்பத்தைந்தாக்கினேன்.
கொஞ்ச நேரம் சட்டி மட்டும் பேசியது.
பிறகு, "ரெண்டு தவணையாத் தாறன்."

முதல் தவணை வந்த ராத்திரி
பிரிஸ்காவிடம் நோட்டுகளை நீட்டினேன்.
"எதை வித்தீங்க?"
கடலை, என்றேன்.
ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.
அது அங்கேயேதான் கிடந்தது,
இருட்டில், விளக்குப் போட்ட நாலு படகோடு.
எண்ணிப் பார்த்துவிட்டு
அரிசி டப்பாவில் வைத்தாள்.

இப்போது ஆனி.
இரண்டாம் தவணை இன்னும் வரவில்லை,
கேட்கவும் எனக்கு வாய் எழவில்லை.
கச்சான் வந்துவிட்டது. தகரம் அடிக்கிறது.
சங்குக்கு இன்னும் ஒன்பது நாள்.