ஒற்றைப்படை

செத்தூபல் தீயணைப்பு நிலையத்தின் மாடியில்
வியாழன்தோறும் ஏழரை மணிக்குக் கூடுகிறோம்,
ஆறு பேர். சில வாரம் ஐந்து.
கீழே வண்டி கழுவும் தண்ணீர்ச் சத்தம்.
எங்களுக்கு முன்பே டீசல் வாசம் படியேறி வந்திருக்கும்.

விதிகள் மூன்றுதான்.
அறிவுரை கூடாது.
கேட்காமல் கட்டிப்பிடிக்கக் கூடாது.
அழுகிறவர் பக்கம் டிஷ்யூ பெட்டியை நகர்த்தக் கூடாது;
நகர்த்தினால் 'போதும், துடைத்துக்கொள்' என்று பொருளாம்.
மூன்றாவதை எழுதியவர் தியோலிண்டா.
பல் மருத்துவமனை வரவேற்பறையில் முப்பது வருடம்;
அழுகையில் எத்தனை தினுசு என்று அவருக்குத் தெரியும்.

எட்டு வாரம் நான் காப்பி மட்டும் போட்டேன்.
அன்செல்மு அப்பாவின் பெல்ட்டைப் பற்றிச் சொன்னார்;
பெல்ட்டைக்கூட அல்ல, அது தொங்கிய ஆணியைப் பற்றி.
அப்பா செத்தபின் ஆணியைப் பிடுங்கிவிட்டாராம்.
சுவரில் விழுந்த ஓட்டையை இன்னும் பூசவில்லையாம்.
ஒஃபேலியா தங்கையின் பெயரை ஒரு முறை சொன்னாள்.
அந்த மாலை முழுக்க வேறொன்றும் சொல்லவில்லை.
காத்திருந்தோம். காப்பி ஆறியது.
காத்திருப்பதில் எனக்குப் பழக்கம் உண்டு.

ஒன்பதாம் வாரம், 'வல்தெமார்?' என்றார்கள்.
என்னிடம் இருப்பது ஒரே கதை.
பணிமனையில், கல்யாண விருந்துகளில்
நூறு தடவை சொன்னது:
ஆறு வயதில், பேருந்து நிலையத்து பெஞ்சில் என்னை உட்காரவைத்து
'கால் மணி நேரம்' என்று அம்மா போனாள்.
காலையில் போனவள் தெருவிளக்கு எரிந்தபின் வந்தாள்.
நான் சும்மா இருந்தேனா?
எல்லாப் பேருந்தின் நேரத்தையும் மனப்பாடம் செய்துவிட்டேன்!
பெஜாவுக்கு ஒன்பது பத்து, எவோராவுக்குப் பதினொன்றே கால்.
அதனால்தான் டிரைவர் ஆனேன், பாருங்கள்,
இருபத்தாறு வருடத்தில் ஒரு நாள் தாமதம் கிடையாது.
இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.
சிரித்தார்கள்.

சுல்மீரா சிரிக்கவில்லை.
மீன் டப்பா ஆலைக்காரி,
இடக்கையில் இரண்டு விரல் மரத்துப்போனவள்.
'என்ன சாப்பிட்டாய்?' என்றாள்.

'எப்போது?'

'அன்றைக்கு. விளக்கு எரியும் வரை.'

நாற்பத்தெட்டு வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வி.
நானும் கேட்டதில்லை.
தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன்,
தொண்டைக்குள்ளிருந்து எழுந்தது
ஆரஞ்சுத் தோலின் மணம்.

ஓர் ஆரஞ்சு இருந்தது.
சட்டைப் பையில் அடங்காமல், மடியில்.
ஒரு முறை உருண்டோடியது; ஒரு சிப்பாய் எடுத்துக் கொடுத்தான்.
நகத்தால் கீறினேன், மோந்தேன்,
உரிக்கவில்லை.
பாதி அவளுக்கு.
உரித்தால் அவள் வருவதற்குள் காய்ந்துவிடும்.
உரித்தால்,
அவள் வரமாட்டாள் என்று நான் நினைத்ததாகிவிடும்.

அப்போது கீழே சைரன்.
எங்கோ யார் வீட்டிலோ தீ.
பூட்ஸ் கால்கள் ஓடின, இரும்புக் கதவு உருண்டு ஏறியது,
மாடி அதிர்ந்தது.
அந்தச் சத்தத்துக்கு அடியில் ஒளிந்துகொண்டு
நான் வாய்விட்டு அழுதேன்.
சைரன் துறைமுகச் சாலையில் தேய்ந்து மறைந்தது.
என் சத்தம் மட்டும் தனியாக நின்றது, வெட்டவெளியில்.
டிஷ்யூ பெட்டி நகரவில்லை.

வந்ததும் அம்மா சொன்னது:
'தின்னக்கூடத் தெரியாதா உனக்கு?'
எங்கே போனாள் என்று நான் கேட்டதில்லை.
இப்போது கேட்கலாம். முதியோர் இல்லத்தில்
என்னை 'டிரைவர்' என்று அழைக்கிறாள்,
மரியாதையாக.

அடுத்த வியாழன் மேசையில் ஓர் ஆரஞ்சு.
வைத்தது யாரென்று எவரும் சொல்லவில்லை.
சுல்மீரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
என் முறை இல்லை அன்று. அன்செல்மு பேசினார்,
மறுபடியும் அந்தச் சுவரோட்டை பற்றி.
கேட்டுக்கொண்டே உரித்தேன்.
கை தானாகப் பாதியாகப் பிரிக்கப் போனது.
எண்ணினேன். பதினொரு சுளை.
மறுபடி எண்ணினேன்.

ஐந்து தின்றேன்.
ஆறாவதை எடுக்கையில் விரல் கொஞ்சம் நின்றது.
பிறகு நிற்கவில்லை.
நல்ல புளிப்பு.