ஸ்டேஜ்

கட்டிலிலிருந்து கதவுவரை ஒரு ஸ்டேஜ்.
கதவிலிருந்து குழாயடி இரண்டு.
குழாயடியில் பெயின்ட் வாளி ஒன்றைக்
கவிழ்த்து வைத்திருக்கிறாள் பஞ்சவர்ணம்,
நான் உட்கார.
கக்கூஸ் மூன்றாவது.
அங்கே போய்ச் சேர்ந்தால்
வண்டி அரைமணி நேரம் நிற்கும்.

பத்தொன்பது வருஷம்
ராமேஸ்வரம் – ராமநாதபுரம்.
ஒரு கையில் டிக்கெட், ஒரு கையில் சில்லறை,
விரலிடுக்கில் நீளவாக்கில் மடித்த நோட்டுகள்.
கம்பியைத் தொட்டதில்லை.
உச்சிப்புளியில் வேகத்தடை எங்கே வரும் என்று
முழங்காலுக்குத் தெரியும்,
என்னைக் கேட்காமலே மடங்கி நிமிரும்.
பாலத்தில் கச்சான் காற்று
வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும்போதும்
நின்று டிக்கெட் கிழித்தவன்.

இப்போது தரை ஓடுகிறது.
வீட்டுச் சிமென்ட் தரை.
கண்ணை மூடி முகம் கழுவினால்
பிரேக் போடுகிறது.

இரண்டாம் அலையில் பதினோரு நாள் ஆக்ஸிஜன்.
அதோடு முடிந்தது என்றுதான் சொன்னார்கள்.
ஸ்கேன் நார்மல். ரத்தம் நார்மல்.
நார்மல் நார்மல் என்று
மூன்று ஃபைல் சேர்ந்துவிட்டது.
சம்பளமில்லா லீவில் எட்டு மாதம்.
"காலையிலேயே போட்டாச்சா?" என்றார்
டீக்கடை அருளப்பன்,
நான் சுவரோரமாய்ப் போவதைப் பார்த்து.
என் பெயர் நம்புராஜன்.
கூப்பிடுவது நம்பு.
கூப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு ஞாயிறு
உடம்பு லேசாக இருந்தது.
தங்கச்சிமடம் கரைவரை போய்
நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர்களோடு
பேசிவிட்டு
நடந்தே திரும்பினேன்.
அன்று ஊளிமீன் குழம்பு.
அதற்கான டிக்கெட்டைச்
செவ்வாய்க்கிழமை கிழித்தார்கள்.
வெள்ளிவரை கட்டில்.
தலையைத் திருப்பினால்
ஜன்னல் தாமதமாக வந்து சேர்ந்தது.

இன்று ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரிக்கு.
உட்கார இடமில்லை.
பஞ்சவர்ணம் என் பெல்ட்டைப் பின்னாலிருந்து
யாருக்கும் தெரியாமல் பிடித்திருக்கிறாள்.
கண்டக்டர் புதுப் பையன்,
மெஷினில் அடித்துக் கொடுக்கிறான்.
என்னைத் தெரியாது.
பாம்பன் பாலத்தில் எல்லோரும் கடலைப் பார்க்க
நான் அவன் கால்களைப் பார்க்கிறேன்.
இடது குதிகால் சற்று வெளியே,
பாரம் வலதில்.
சரியாகத்தான் நிற்கிறான்.

"பெரியவரே, கம்பியப் பிடிங்க."

எனக்கு நாற்பத்தாறு.

பிடித்தேன்.
உப்பும் வேர்வையுமாய்ப் பிசுபிசுத்தது.
கையை மோந்து பார்த்தேன்.
இந்த வாசனையோடுதான்
அத்தனை வருஷமும்
என் பைக்குள் விழுந்திருக்கிறது
சில்லறை.