வீண்வெப்பம்

தோர்ஷவ்னில் மூன்றாம் மாடி. மழை பக்கவாட்டில் பெய்கிறது.
பதினெட்டுத் தீவுகளையும் ஒரே திரையில் விரித்து
எந்த வேலை எந்தத் தீவில் நடக்கட்டும் என்று
கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

கோபுரத்துக்குத் தெரிந்தது அலை மட்டும்.
அலையைச் சொல்லாக்குவது வேறொரு பெட்டி.
அது கோபுரத்தின் காலடியில் இருக்கலாம்,
மலைக்கு அப்பால் இருக்கலாம்,
கடலடிக் கம்பியின் இந்த முனையில்
என் காலுக்குக் கீழேயுள்ள அறையிலும் இருக்கலாம்.
ஆனால் ஒளியும் நடந்துதான் வரவேண்டும்.
கண்ணாடி இழையில் கிலோமீட்டருக்கு
ஐந்து மைக்ரோநொடி.

வந்து சேர்ந்ததா?
சேரவில்லை, மறுபடி அனுப்பு.
இந்தப் பேச்சு இமை தாழ்வதற்குள் முடியவேண்டும்.
பேசுகிற பெட்டி தொலைவில் இருந்தால்
பதில் வருமுன் கேள்வி செத்துப்போகும்.
பூட்டும் சாவியும், பெயர்ப்பதிவும், மாதக் கட்டணமும்
அவசரம் அறியாதவை.
தலைநகரில் உட்கார்ந்தே காலம் தள்ளும்.

இடையில் சில உண்டு,
அங்கும் ஆகும், இங்கும் ஆகும்.
எனக்குச் சம்பளம் அவற்றுக்காகத்தான்.

அக்டோபரில் விடை வந்தது:
ஃபுக்லோய் குடிலை அணைத்துவிடு.
நாற்பது பேர்கூட இல்லாத தீவு,
இரவெல்லாம் நாலு அழைப்பு.
அவசர வேலையை எதிர்த்தீவுக்குத் தள்ளு,
மற்றதைத் தலைநகருக்கு இழுத்துக்கொள்.
மின்கட்டணத்தில் பதினொரு விழுக்காடு மிச்சம்.
அணைத்தேன். ஒரு அழைப்பும் அறுபடவில்லை.
கூட்டத்தில் கேக் வெட்டினார்கள்.

நவம்பர் மூன்றாம் வாரம் ஹால்கிரிமுர் கூப்பிட்டார்.
குரல் துல்லியம், தாமதம் துளியும் இல்லை.
"ரன்வா, உங்கள் குடிலுக்கு என்ன ஆயிற்று?"
சிக்னல் இல்லையா என்றேன்.
"சிக்னல் யாருக்கு வேண்டும்!
பின்சுவரில் ஒரு சன்னல் வெந்நீர்போலக் காற்று விடும்.
என் ஆடுகள் ஆறு வருஷமாய் அதில் முதுகு ஒட்டித்தான் படுக்கின்றன.
இப்போது நின்றுகொண்டே இருக்கின்றன,
ராத்திரி முழுக்க, சுவரைப் பார்த்தபடி."

என் சமன்பாட்டைத் திறந்தேன்.
தாமதம், இழை வாடகை, பெட்டிகளின் எண்ணிக்கை, மின்சாரம்.
வெப்பம் என்றொரு பத்தி இருந்தது,
தலைப்பு: வீண்.
ஆட்டுக்கு எங்கும் இடமில்லை.
புதிதாய்ச் சேர்க்க நான்கு கையெழுத்து வேண்டும்,
அதில் ஒருவர் கோபன்ஹேகனில்.

எனவே ஒரு எண்ணைத் திருத்தினேன்.
இடைப்பட்ட வேலை ஒன்றுக்கு
இதுவரை பத்து மில்லிநொடி பொறுமை இருந்தது;
அரைக்கால் மில்லிநொடிக்கு மேல் தாங்காது என்று எழுதினேன்.
பொய்தான்.
கணினி என்னிடம் காரணம் கேட்கவில்லை.
இரண்டு நிமிடம் யோசித்து
ஃபுக்லோய் குடிலை மறுபடி ஏற்றச் சொன்னது.

பதினொன்று ஒன்பதானது.
மேலாளரிடம் காற்று என்றேன்; இங்கே
எதற்கும் காற்று என்று சொல்லலாம்.

பிப்ரவரியில், பனிப்புயல் இரவில்,
திரையில் ஒரு மஞ்சள் எச்சரிக்கை:
ஃபுக்லோய். வெளிக்காற்று வழி அடைபட்டிருக்கிறது.
குறிப்புக் கட்டத்தில்
"தெரிந்ததே" என்று எழுதி
மூடினேன்.