எஃப்

பூர்க்டோர்ஃப் வான்காணகத்தில்
செவ்வாய் இரவுகளில் கூட்டுகிறவள் நான்.
சுவரில் விண்மீன்களின் வரிசை:
ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் –
நீலச் சூட்டில் தொடங்கி
மங்கிய சிவப்பு வரைக்கும்.

என் கைப்பையிலும் ஓர் எஃப்.
பதினோரு வருடமாகத் தற்காலிகம்.
பி விசா வந்தால் மூச்சு விடலாம்
என்கிறான் மச்சான் துஷியந்தன்.

சுவர் வேறு சொல்கிறது.
பி நீலமாய்ப் பற்றும், சில கோடி ஆண்டில் தீரும்.
எஃப் முந்நூறு கோடி தாங்கும்;
பிறகு ஊதிச் சிவந்து, மேல்தோல் உதிர்த்து,
இந்த வரிசையில் இடமில்லாத வெண்தணலாய்
மெல்ல ஆறும்.

எம் பக்கம் கோப்பிக் கறை. துடைத்தும் போகவில்லை.
அந்தச் சின்னச் சிவப்புகளில்
இன்றுவரை ஒன்றுகூட முதுமையில் சாகவில்லையாம்,
அண்டத்துக்கே வயது போதவில்லையாம்.

எம் விசா உண்டோ என்று
வியாழக்கிழமை கந்தோரில் கேட்க வேண்டும்.