இரண்டு வட்டுகள்

ஜுபைலில் வெள்ளி மதியம். வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
பிரித்த அட்டைப்பெட்டிமேல்
நாலு டெராபைட் வட்டுகள் இரண்டு.

"இசட்எஃப்எஸ் போடு" என்கிறார் எபனேசர்,
உப்புநீக்கு ஆலையில் இரவு ஷிப்டு முடித்த சிவந்த கண்ணோடு.
"ரேம் தின்னும். தின்னட்டுமே.
எழுதினதைத் தானே திரும்பப் படித்து
சரியா என்று பார்க்கிற குணம்
நம்மில் எத்தனை பேருக்கு?"

பழைய வட்டில் இருந்தது எக்ஸ்ட்4.
பழகின செருப்பு, ஒரு நாளும் கடித்ததில்லை.
மகளின் முதல் பிறந்தநாள் படம் மட்டும்
கேக்குக்குக் கீழே சாம்பல் பட்டை.
எந்தக் கோடையில் அழுகியதோ,
கேட்டால் பிழையே இல்லை என்றது.

இது பழையதன்மேல் எழுதாதாம்.
வேறிடத்தில் முழுக்க எழுதி முடித்த பிறகே
விலாசத்தை மாற்றுமாம்,
இங்கே விசா கைக்கு வந்தபின்
குவைத்தில் ராஜினாமா கொடுத்த என்னைப்போல.

எல்லாம் அழியும், சம்மதமா என்றது திரை.
எபனேசர் உட்கார்ந்தபடியே குறட்டை.
ஒய் தட்டினேன்.

ஜெசிந்தாவின் வாட்ஸப்பில் அந்தப் படம் கிடைத்தது,
சுருங்கி, மங்கி, ஆனால் முழுதாக.
அதுதான் முதல் கோப்பு.
இரண்டு விளக்குகளும் சேர்ந்து சிமிட்டின.
சரிபார்த்தேன்: பிழை பூஜ்யம்.

படத்தில் நான் இல்லை.
அது கணக்கில் வராது.